ஐந்து பேர் உள்ள வட்டம்

ஆறு பேர் உள்ள வட்டத்தில் பெருக்கல் குறி இல்லை. பெருக்கல் குறி உள்ள வட்டத்தில் ஐந்து பேர்தான்.

லாபிர் மூன்றாவது தடவையாக எண்ணிப் பார்த்தார். கணக்கு மாறவில்லை.

கடலோர ஊரான எத்தாளையின் சகோதர சங்கத்துக்கு இந்த வருடம் நூறு வயது. ஒரு வீட்டில் மௌத் நடந்தால், இறந்தவருக்குக் கபுர்க் குழி வெட்ட வீட்டுக்கு ஓர் ஆள் வருவதும், கடல் ஏறினால் யாருடைய வள்ளம் என்று பாராமல் எல்லோரும் சேர்ந்து மேலே இழுப்பதும் அந்தச் சங்கத்தின் வழக்கம். அதை யார், எப்படித் தொடங்கினார்கள் என்று எழுதித் தரும் வேலை செயலாளர் லாபிரின் தலையில் விழுந்தது. அவர் பாடசாலையில் கணிதம் படிப்பிப்பவர்.

சங்க அலுமாரியில் கிடைத்தது ஒரே ஒரு தாள். தலைப்பைக் கறையான் தின்றுவிட்டது. மிஞ்சியது 'முதல் நாள், 1925' என்பது மட்டும். அதன் கீழே மையால் வரைந்த ஒன்பது வட்டங்கள். வட்டங்களைச் சுற்றிப் பெயர்கள். ஐந்து வட்டங்களில் ஆறு ஆறு பெயர். மற்ற நான்கில் ஐந்து ஐந்து பெயர். அந்த நான்கிலும் ஒரு பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு பெருக்கல் குறி.

"என்னத்துக்குப் போட்டிருப்பாங்க?" என்றார் லாபிர்.

"எழுதின ஆளுட்டக் கேளுங்க" என்றாள் மனைவி றுமானா.

"அவர் மௌத்தாகி அறுவது வருஷம்."

"அப்ப வந்து சோத்தத் தின்னுங்க. ஆறுது."

இரண்டாவது பிடி வாய்க்குப் போகும்போது லாபிருக்குப் பொறி தட்டியது. குறி உள்ள இடத்தில் ஓர் ஆள் குறைகிறது. அப்படியானால் குறி போட்ட ஆள் இரண்டு பேருக்குச் சமம். ஒரு சங்கத்தில் இரண்டு பேருக்குச் சமமானவர் யார்?

"தலைவர்!" என்று கத்தினார். சோறு சிதறியது.

அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு நிர்வாகக் கூட்டத்தில் அவர் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். தொடக்கத்தில் சங்கம் சிறு குழுக்களாக இயங்கியது. நான்கு குழுக்களுக்குத் தலைமைச் சகோதரர்கள் இருந்தார்கள். அந்த நான்கு பேருக்கும்தான் குறி.

தலைவர் ஹுனைஸ் ஹாஜியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளில் தம் பாட்டனாரின் பெயரைக் கண்டார்.

"இது எங்கட மூத்தவாப்பாட பேரெல்லோ!"

"ஓம் ஹாஜியார். குறி போட்டிருக்கு."

"எனக்கு எப்பவோ தெரியும். எங்கட குடும்பத்துல அந்த ஒரு இது இருக்கு." உடனே எழுந்து நின்றார். "இந்தத் தாளப் பெரிசா அடிச்சு மண்டபத்துல பெனர் தொங்கவிடணும். நாலு குடும்பத்துக்கும் முன்னுக்குக் கதிரை."

உபதலைவர் அத்தாஉல்லாவின் மூத்தவாப்பா ஆறு பேர் உள்ள வட்டத்தில் இருந்தார்.

"அப்ப எங்கட ஆக்கள் கயிறு இழுக்க வந்தவங்களா? நூறு வருஷ விழாவ நீங்க நாலு குடும்பமுமே கொண்டாடுங்க. எங்கட வீட்டுல மௌத் நடந்தா நாங்களே கபுர் வெட்டிக்கொள்றம்."

லாபிர் அவருடைய வெங்காயத் தோட்டத்துக்கே மோட்டார் சைக்கிளில் போனார்.

"கோவிக்காதீங்க நானா" என்று அண்ணன் முறை சொல்லிக் குழைந்தார். "நான் அவசரப்பட்டுட்டன். இப்ப பாருங்க, வகுப்புல நான் பெருக்கல் எதுக்குப் போடுவன்? பிழைக்கு. அந்த நாலு பேரும் என்னமோ பிழை விட்டிருக்காங்க. அதுதான் ஆறாவது ஆள் விலகிப் போயிருக்கார்."

அத்தாஉல்லாவின் முகம் மலர்ந்தது.

"இத நமக்குள்ள வெச்சுக்கொள்ளுங்க" என்றார் லாபிர்.

"சீச்சீ, நான் யாருட்டச் சொல்லப்போறன்!"

மஃரிப் மாலைத் தொழுகைக்கு முன்னர் தேத்தண்ணிக் கடை முழுக்கத் தெரிந்துவிட்டது. மஃரிபுக்குப் பின்னர் ஹுனைஸ் ஹாஜியார் லாபிரின் வாசலில் நின்றார்.

"சேர், எங்கட மூத்தவாப்பா என்ன பிழை விட்டார்? சொல்லுங்க. ஊருக்குத் தெரிஞ்சது எனக்கும் தெரியத்தானே வேணும்."

"பிழையே இல்ல ஹாஜியார்! அது..." லாபிர் வானத்தைப் பார்த்தார். "அது ஒரு ரகசியம். ஒவ்வொரு வட்டத்துலயும் ஆறு பேர்தான். நாலு வட்டத்துல ஆறாவது ஆள்ட பேர மறைச்சு வெச்சிருக்காங்க. அந்தப் பேரத் தெரிஞ்ச ஆளுக்குத்தான் குறி."

"அப்ப எங்கட மூத்தவாப்பா ரகசியம் காத்தவர்?"

"அப்பிடித்தான்."

ஹாஜியார் நிறைந்த மனத்துடன் போனார். லாபிரும் நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் கதவைத் திறந்தால் முற்றத்தில் ஆட்கள். மறைத்துவைத்த நான்கு பெயர்களுக்கும் உரிமை கேட்டு, மதியத்துக்குள் இருபத்து மூன்று பேரப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ஒருவர் மூத்தவாப்பாவின் தொப்பியையே கொண்டுவந்திருந்தார்.

"ஆறாவது ஆள் இவர்தான் சேர். வீட்டுல வாயே திறக்க மாட்டாராம்."

"நூறு வருஷம் நிண்ட சங்கம்" என்றாள் றுமானா. "ரெண்டு நாளுல முடிச்சிட்டீங்க."

விழா நாளன்று மண்டபத்தின் சுவரில் அந்தத் தாள் பத்தடி உயரத்துக்குத் தொங்கியது. அதன் கீழே மூன்று கட்சிகள். குறி உள்ளவர்கள் முன் கதிரைகளைப் பிடித்திருந்தார்கள். குறி இல்லாதவர்கள் புதிய சங்கம் தொடங்க ஒரு கொப்பியில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். பெயர் மறைக்கப்பட்டவர்களின் பேரர்கள் ஒருவரை ஒருவர் பொய்யர் என்று ஏசிக்கொண்டிருந்தார்கள்.

"கையெழுத்து வெச்ச ஆக்கள்ட வள்ளத்த இனி நாங்க தொடமாட்டம்!" என்றார் ஹாஜியார்.

"உங்கட வீட்டு மையத்த அடக்க நாங்க வரமாட்டம்!" என்றார் அத்தாஉல்லா.

"இன்னும் ஒருத்தரும் மௌத்தாகலயே, எப்பிடி வாற?" என்று யாரோ கேட்டார்கள்.

லாபிர் மேடையில் கைகட்டி நின்றார். கொப்பியில் நாற்பது கையெழுத்து விழுந்துவிட்டது. இன்னும் ஒரு விளக்கம் சொன்னால் நாலாவது கட்சி பிறக்கும் என்று அவருக்குத் தெரிந்தது.

அப்போது பின் கதவால் புத்தளத்திலிருந்து வந்த சமையல்காரர் அகப்பையோடு உள்ளே வந்தார். எத்தாளைக்கு அவர் புதியவர்.

"சோறு இறக்கியாச்சு. எத்தன சஹன் போடுற?"

பெரிய வட்டத் தட்டில் சோற்றையும் இறைச்சியையும் வைத்து, அதைச் சுற்றி இருந்து எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவதுதான் சஹன். சேர்ந்து நிற்கவே மனமில்லாதவர்கள் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

சமையல்காரர் பெனரை நிமிர்ந்து பார்த்தார். முகம் தெளிந்தது.

"பட்டியல் இங்கதானே தொங்குது. ஒம்பது சஹன். ஆனா ஆக்கள் கூட நிக்கிறீங்களே?"

எல்லோரும் பெனரைத் திரும்பிப் பார்த்தார்கள். லாபிர் மேடையிலிருந்து மெதுவாக இறங்கி வந்தார்.

"நானா, இது பந்திப் பட்டியலா?"

"வேற என்ன? நாங்களும் இப்பிடித்தான் எழுதுற."

"அப்ப அந்தப் பெருக்கல்?"

ஹாஜியார் முன் கதிரையின் நுனிக்கு வந்தார். அத்தாஉல்லா கொப்பியை மூடினார்.

"ஒரு சஹனுக்கு ஆறு பேர்" என்றார் சமையல்காரர். "ரெண்டு ஆள்ட சோத்தத் தின்னுற ஆள் ஒருத்தர் இருந்தா, அவர்ட பேருல பெருக்கல் போட்டுட்டு, அந்தச் சஹனுக்கு அஞ்சு பேரத்தான் வைப்பம்."