எழுபத்தொன்பது டிகிரியும் என் மனைவியும்

லேயர்,
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மைத்துனி ஹில்காவுக்கு,

ஓக்கோ எழுதுவது. நீயும் உன் கணவர் டியார்க்கும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் நாய் மாட்ஸும் சுகம்; கணினி மிக மிகச் சுகம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். செவ்வாய்க்கிழமை பெட்டியும் கையுமாக உன் வீட்டில் வந்து இறங்கிய உன் அக்கா இம்கே, நான் அழைத்தால் தொலைபேசியை எடுப்பதில்லை. ஆகவே அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும் நேரம் பார்த்து, நீதான் இதை வாசித்துக் காட்ட வேண்டும்.

அவள் தன் பக்கத்தைச் சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் கேள். வேலைக்காலம் முழுக்க மதகடியில் உட்கார்ந்து நீர்மட்டம் பார்த்தவன் நான். ஓர் எண் ஏறினால் என்னால் சும்மா இருக்க முடியாது. அது தெரிந்திருந்தும் பக்கத்து வீட்டு யெல்டோ, "கம்ப்யூட்டர் உள்ள எவ்வளவு சூடுன்னு காட்டுற புரோகிராம் ஒண்ணு இருக்கு, ஓக்கோ. சும்மா ஒரு ஓரமாக் கெடக்கட்டும்" என்று திரையின் மூலையில் இரண்டு எண்களை வைத்துவிட்டுப் போனான். ஒன்று ப்ராசஸருக்கு, மற்றது கிராபிக்ஸ் கார்டுக்கு. மின்னஞ்சல் பார்த்தால் நாற்பத்திரண்டு, செய்தி படித்தால் ஐம்பது, இம்கே தன் பாடகர் குழுவின் ஆண்டு விழாவுக்குத் தொகுக்கும் படத்தைத் திறந்தாளோ இல்லையோ, எழுபத்தொன்பது! "நிறுத்து, வேகுது!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் பாதிப் பாட்டை அழித்துவிட்டாள். நான் ஜன்னல்களைத் திறந்தேன், நிலவறையிலிருந்து மேசை விசிறியைக் கொண்டுவந்து கணினியின் முன்னால் வைத்தேன், அவள் கோட்டும் கையுறையுமாக உட்கார்ந்து தொகுத்தாள், கையுறை போட்ட விரலால் தப்புத் தப்பாக அழுத்தினாள், எண் எழுபதைத் தொட்டால் எழுந்துவிட வேண்டும், ஆறினால் திரும்ப உட்காரலாம் என்று நான் ஒரு நியாயமான ஏற்பாடும் செய்தேன். அப்போதுதான் அவள் எழுந்து நின்று சொன்னாள்:

"ஓக்கோ, போன மாசம் எனக்கு முப்பத்தொம்போது டிகிரி காய்ச்சல். ஒரு மாத்திரைய வச்சிட்டு நீ பாட்டுக்கு ஃபுட்பால் பாக்கப் போயிட்ட. இந்தத் தகர டப்பாவுக்கு விசிறி விடுறியா? நான் ஹில்கா வீட்டுல, டியார்க்கோட கம்ப்யூட்டர்ல முடிச்சுக்கறேன். அங்க யாரும் அதுக்குக் காய்ச்சல் பாக்க மாட்டாங்க."

நான் வைத்தது ஒன்றல்ல, இரண்டு மாத்திரை என்று ஞாபகப்படுத்தினேன். அதில் பலன் ஒன்றும் இல்லை.

அவள் போன பிறகு வீட்டில் கணினியைத் தொட ஆள் இல்லை. இருந்தும் எண் ஏறியது, ஹில்கா! யாரும் தொடாத பெட்டி அறுபத்தைந்து காட்டுகிறது. வெள்ளத்துக்குக் காவல் இருப்பதுபோல் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். தபால்காரப் பெண் வாசல் மணியை அடித்தாள், மேசைக்கடியில் கிடந்த மாட்ஸ் குரைத்துக்கொண்டு ஓடினான், எண் இறங்கியது. மாட்ஸ் திரும்பி வந்து படுத்தான், எண் ஏறியது. தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். சூடான காற்று வெளியே வரும் பின்பக்கத் துளைகளில் நம் நாய் முதுகை ஒட்டிவைத்துக்கொண்டு, குளிர்காலம் முழுவதும் அடைப்பான்போலத் தூங்கியிருக்கிறான். யெல்டோ வந்து பெட்டியைத் திறந்தான். "அடப்பாவி, உள்ள இன்னொரு நாயே இருக்கு!" என்று கை நிறைய ரோமத்தை அள்ளி எடுத்தான்.

"வேலை செஞ்சா சூடாகத்தான் செய்யும், ஓக்கோ. எண்பது வரைக்கும் போனாலும் பயமில்ல. ரொம்ப மீறினா அதுவே வேகத்தக் குறைச்சுக்கும். அப்பவும் அடங்கலன்னா அதுவே அணைஞ்சிடும்."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீ எங்க கேட்ட? ஜன்னலத் தொறக்க ஓடிட்ட."

அவன் போனதும் இம்கே பாதியில் விட்ட படத்தை ஓட்டினேன். ஐம்பத்தேழு! நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியதுபோல் இருந்தது. பிறகு எண்ணைப் பார்க்கவில்லை. இரண்டாம் வரிசையில் இம்கே கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறாள். அவள் இவ்வளவு நன்றாகப் பாடுவாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஆகவே அவளிடம் சொல்: குற்றவாளி நாய்தான். ஜன்னல்களை மூடிவிட்டேன், விசிறி நிலவறைக்குப் போய்விட்டது, அந்தப் புரோகிராமையும் நீக்கிவிட்டேன். இனி அவள் விருப்பம்போல் தொகுக்கலாம். நான் வாயைத் திறக்க மாட்டேன். டியார்க்கின் முதுகுவலி சீக்கிரம் குறையட்டும். உங்கள் வீட்டில் எல்லாம் அளவான சூட்டில் இருக்கட்டும் என்று வாழ்த்தும்,

உன் அக்காவின் கணவன்,
ஓக்கோ

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது இம்கேயே அழைத்தாள். நீயும் டியார்க்கும் கடைக்குப் போயிருக்கிறீர்களாம். "ஓக்கோ, இவங்க கம்ப்யூட்டர் ஒரேயடியா உறுமுது. யெல்டோவக் கேட்டு அந்தப் புரோகிராமப் போட்டுப் பாத்தேன். தொண்ணூத்தொண்ணு காட்டுது! எல்லா ஜன்னலையும் தொறந்து வச்சிட்டேன். நீ சீக்கிரம் வா" என்றாள். அவள் குரலில் அவ்வளவு அன்பைக் கேட்டு வெகுநாள் ஆயிற்று. அடுத்த ரயிலில் மாட்ஸோடு வருகிறேன். இந்தக் கடிதத்தையும் கையிலேயே தருகிறேன். அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். வீடு குளிர்கிறது என்று டியார்க் ஜன்னலை மூடிவிடப் போகிறார், பார்த்துக்கொள். எண் இறங்கட்டும், நானே மூடுகிறேன்.