சுவர் இல்லாத கோட்டைக்குப் பூட்டு

விழுந்துபோன சுவரைத் துரையே சுற்றி நடக்கும்படி செய்த மனிதர் இந்தச் சீமையில் ஒருவர்தான்: எங்கள் ஊர்க் கோட்டைச்சாவி. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

தேவதானப்பட்டிப் பக்கம் மலை உச்சியில் பாளையக்காரர் காலத்துக் கோட்டை. மிஞ்சியது ஒரு மண்டபமும், உள்ளே வளைந்து போகும் குறுகலான வாசலும்தான். மண்டபத்தில் துருப்பிடித்த வாள், பீரங்கிக் குண்டு, ராணி மஞ்சள் அரைத்த கல் என்று வரிசையாக வைத்து, வருகிறவர்களுக்குக் காட்டுவார். அந்தக் கல் தன் வீட்டுக் கல் என்று என் மாமியார் சாகும்வரை சொன்னாள். நடுவில் ஆள் நீளப் பீரங்கி. அதற்கு எண்ணெய் தேய்க்காமல் அவர் கஞ்சி குடித்ததில்லை.

பெரியாற்று அணை வேலை நடந்த காலம் அது. ஒரு துரை தாசில்தாரோடு வந்து, இடிந்த இடத்தில் கால் வைத்தார்.

"தொரை, அது சுவரு. வாசல் வழியா வாங்க" என்றார் கோட்டைச்சாவி.

தாசில்தாருக்கு வேர்த்துவிட்டது. "யோவ், அங்கன எங்கய்யா சுவரு?"

"விழுந்தா இல்லேன்னு ஆயிருமா? முடி கொட்டிப்போச்சுன்னு தலப்பாவ இடுப்புலயா கட்டுறீக?"

தாசில்தார் அதை எப்படி இங்கிலீஷில் சொன்னாரோ, துரை சிரித்துக்கொண்டே முள்ளுக்குள் சுற்றி வந்தார். கோட்டைச்சாவி வாசலில் தொங்கிய தேங்காய் அளவுப் பூட்டைத் திறந்தார்.

பீரங்கியைப் பார்த்ததும் துரைக்கு ஆசை வந்துவிட்டது. பழம்பொருட்களை அடுக்கிவைக்கும் பட்டணத்துச் செத்த காலேஜுக்கு அதைத் தூக்கிப்போக உத்தரவு. துரையின் சுமை தூக்கி வந்த ஊர் ஆட்களுக்காகக் கூழ்ப்பானையோடு நின்ற நான் கோட்டைச்சாவியின் முகத்தைப் பார்த்தேன். ரத்தமே இல்லை.

"கொண்டு போங்க. ஆனா வாசல் வழியாத்தான் போகணும்" என்றார், மெதுவாக.

மத்தியானம் அந்த ஆட்களில் பன்னிரண்டு பேர் கழி கட்டித் தூக்கினார்கள். வளைவில் பீரங்கி திரும்பவில்லை. முன்னால் தள்ளினார்கள், பின்னால் இழுத்தார்கள். நாலு பேருக்கு முழங்கை உரிந்ததுதான் மிச்சம். துரை கைத்தடியால் இடிந்த பக்கத்தைக் காட்டினார். ஒருத்தரும் அசையவில்லை.

"அது சுவருங்க தொரை" என்றார் முன்கழி பிடித்தவர். என் வீட்டுக்காரர்தான். "காலையில நீங்களே சுத்தித்தான வந்தீக?"

தாசில்தார் அதை இங்கிலீஷில் சொன்னதும் துரை கைத்தடியை இறக்கினார். பிறகு பீரங்கியை இருந்த இடத்திலேயே வைக்கச் சொல்லிவிட்டு, வாசல் வழியாக இறங்கிப் போனார்.

கோட்டைச்சாவி யாருக்கும் கும்பிடு போடவில்லை. "ஏலே, பதமா எறக்குங்கலே! வலிக்கப் போவுது!" என்று கத்தினார்.

அவர் போய் வெகுகாலம் ஆகிறது. பூட்டையும் யாரோ கொண்டுபோய்விட்டார்கள். விறகுக்கு மலையேறினால் நான் இப்போதும் சுற்றிக்கொண்டு வாசல் வழியாகத்தான் போகிறேன். இறங்கும்போது கதவைச் சாத்திவிட்டு வருவேன். திறந்து கிடந்தால் அவருக்கு மனசு ஆறாது.