சண்டை வராத குழு

"எங்க குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலே தேர்தல் சண்டை. தண்ணி வரலைன்னு எழுதினாக்கூட எந்தக் கட்சின்னு கேக்கறாங்க. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் அட்மினா வந்து அடக்கணும்" என்றார் மாமனார், சாப்பாட்டுக்கு நடுவில்.

மூத்த மருமகன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். 'மீன்தொட்டி நண்பர்கள்' குழுவின் அட்மின். அவருடைய சகலை மருந்துக்கடைக்காரர். 'பறவை பார்ப்போம்' குழுவின் அட்மின்.

சகலை போனை நீட்டினார். "காலையில நடந்ததைப் பாருங்க மாமா. கொக்குப் படத்துக்குக் கீழே ஆளுங்கட்சி, எதிர்க்கட்சின்னு ஒரே ரகளை. நான் ஒரு வரிதான் எழுதினேன். ரெண்டு பக்கமும் மன்னிப்புக் கேட்டுட்டாங்க."

மாமனார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்து, "அடேயப்பா!" என்றார். மூத்தவருக்கு வயிறு எரிந்தது. அந்தக் கண்ணாடி அவர் செய்து கொடுத்தது.

"உங்க குழுவில எப்படி மாப்பிள்ளை?"

"எங்க குழுவில அரசியலே வராது மாமா."

"அப்போ உங்களுக்கு இது பழக்கமில்லை" என்று மாமனார் சகலையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தும் மூத்தவர் முகம் தெளியவில்லை. "உன் தங்கச்சி வீட்டுக்காரருக்கு மட்டும் எப்படி நல்ல நல்ல சண்டையா அமையுது?"

"சண்டை வரலைன்னு அழற ஒரே அட்மின் நீங்கதான்" என்றாள் மனைவி.

மறுநாள் கடையில் வியாபாரம் ஓய்ந்த நேரத்தில், பழைய போன் ஒன்றிலிருந்து 'நீலச்சுறா' என்ற பெயரில் தன் குழுவுக்குள் தானே நுழைந்தார். "எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடறவன் வீட்டில மீன் தங்காது" என்று எழுதிவிட்டுக் காத்திருந்தார்.

"உங்க மீன் ஏதாவது செத்துப்போச்சா தம்பி?" என்று ஒருவர் கேட்டார். "மனசைத் தளர விடாதீங்க" என்றார் இன்னொருவர்.

இது சரிப்படாது என்று மனைவியின் பழைய போனிலிருந்து 'சிவப்புவால்' ஆனார். "ஆளுங்கட்சிக்காரன் தொட்டியில பாசிதான் வளரும்!"

பற்றிக்கொண்டது. அதுவரை வாயே திறக்காதவர்கள் பத்தி பத்தியாக எழுதினார்கள். குளிர்ந்த மனத்தோடு அவர் சகலை பாணியில் ஒரே ஒரு வரி போட்டார். "நண்பர்களே, நாம் மீன்களால் இணைந்தவர்கள்."

"முதல்ல நீங்க எந்தக் கட்சின்னு சொல்லுங்க" என்று பதில் வந்தது.

நீலச்சுறாவை நீக்கினார். கருத்துரிமை போச்சு என்று பாதிப் பேர் முகப்புப் படத்தில் சுறாவை வைத்துக்கொண்டார்கள். பயந்துபோய்த் திரும்பச் சேர்த்தார். "ஆளுங்கட்சி அட்மின் ஒழிக" என்று மீதிப் பேர் கிளம்பினார்கள். நியாயமாக இருக்கட்டும் என்று சுறாவையும் வாலையும் சேர்த்தே நீக்கினார். அப்போதுதான் இரண்டு தரப்பும் முதல்முறையாக ஒன்று சேர்ந்தன, அவருக்கு எதிராக.

"நீலச்சுறாவையே அட்மினாப் போடுங்க. ஆளு தைரியசாலி" என்று ஒருவர் எழுத, விருப்பக்குறிகள் குவிந்தன. இத்தனை வருஷத்தில் தனக்கு இப்படி ஒன்றுகூட விழவில்லையே என்று அவருக்குச் சுறாமேலும் பொறாமை வந்தது.

நடுவில் ஒரு பெண், "என் மீன் மேலே வந்து மூச்சு வாங்குது, யாராவது சொல்லுங்க" என்று கெஞ்சியிருந்தாள். அவளிடமும் கட்சியைக் கேட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவருக்குத் தாங்கவில்லை. முதலில் அவளுக்குத் தனியாகப் பதில் எழுதினார். பிறகு மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"பேசாம அவரையே கேளுங்க" என்றாள் அவள்.

இரண்டு நாள் தயங்கிவிட்டு, மானத்தை விழுங்கிக்கொண்டு சகலைக்கு போன் போட்டார். மச்சினிதான் எடுத்தாள்.

"சகலை இல்லையாம்மா? சண்டையை அடக்க அவர் எழுதுவாரே ஒரு வரி, அது என்னன்னு கேக்கணும்."

"இருக்கார் மாமா, பேசமாட்டேங்கறார். உங்க குழுவில சண்டைன்னு அக்கா சொன்னதிலேர்ந்து சரியாச் சாப்பிடறதுகூட இல்ல."

"எனக்காகவா இவ்வளவு கவலைப்படறார்?"

"கவலையா? பொறாமை மாமா! உங்க குழுவில நிஜ ஆளுங்க சண்டை போடறாங்க. இவர் குழுவில இருக்கற அத்தனை பேரும் இவரேதானே!"