மேலான பார்வைக்கு

பத்து மணிப் பங்குதாரர் கூட்டத்துக்கு எட்டு மணிக்கே அரங்கு நிரம்பிவிட்டது. பின்னே, மின்விசிறிக் கம்பெனியின் நிர்வாக இயக்குநர் நேரில் வருகிறார் என்றால் சும்மாவா? வருடத்துக்கு ஒருமுறைதான் அவர் ஜனங்களின் கண்ணில் படுவார். மற்ற நாளெல்லாம் ஏழாவது மாடியில் இருந்துகொண்டு கம்பெனியைப் பார்ப்பார். எதையும் தொடமாட்டார், தூக்கமாட்டார். பார்ப்பார், அவ்வளவுதான். அதற்குப் பெயர் தொலைநோக்கு. கீழ்த்தளத்தில் இறக்கை மாட்டுகிற முந்நூறு பேருக்கும் சேர்த்து என்ன சம்பளமோ, அது அந்த ஒரு ஜோடிக் கண்ணுக்கு. இந்த வருடம் அதை இரண்டு மடங்காக்கப் போகிறார்கள்.

"அவர் பார்வை பட்டாப் போதும், விசிறி தானா விக்கும்" என்றார் முன்வரிசையில் இருந்த கம்பெனிப் பெயிண்டர். ஒரு வருடம் போனசுக்குப் பதிலாக ஆளுக்குப் பத்துப் பங்கைக் கையில் திணித்திருந்தார்கள். அதிலிருந்து பெயிண்டருக்குத் தானும் முதலாளி என்று நினைப்பு.

கடைசி வரிசையில் ஃபைல் அக்கா உட்கார்ந்திருந்தாள். கோப்புகளின் மேல் 'தங்கள் மேலான பார்வைக்கு' என்று முத்திரை குத்தி ஏழாவது மாடிக்கு அனுப்புவது அவள் வேலை. திரும்பி வருவதைப் பிரித்து அடுக்குவதும் அவள்தான். பக்கத்தில் அவள் தங்கை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஐயாவுக்குச் சம்பளம் ஏற வேண்டுமானால் எங்காவது மிச்சம் பிடித்தாக வேண்டுமே. பேக்கிங் பிரிவில் பன்னிரண்டு பேரை நிறுத்தப் போகிறார்கள். அந்தப் பட்டியலில் தங்கை நாலாவது ஆள்.

"அக்கா, நீ எதையாவது பேசித் தொலைக்காத. உன் வேலையும் போச்சுன்னா ரெண்டு பேரும் வீட்ல உக்காந்து ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க வேண்டியதுதான்."

"பாக்கறதுக்குத்தான் இங்க சம்பளம் குடுக்கறாங்களே" என்றாள் அக்கா. மடியில் இருந்த மூன்று கோப்புகளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மேடையில் சம்பள ஆலோசகர் எழுந்தார். யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று குறி சொல்வது அவர் தொழில். இதுவரை யாருக்கும் குறைத்துச் சொன்னதில்லை. அவரைக் கூப்பிடுவது யாருக்குச் சம்பளம் ஏற வேண்டுமோ அவர்தான் என்பது வேறு விஷயம். திரையில் விற்பனைக் கோடு ஒன்று தோன்றியது. கோடை மாதங்களில் அது விறுவிறுவென்று மேலே ஏறியது.

"பார்த்தீர்களா, இதுதான் ஐயாவின் தொலைநோக்கு."

அரங்கம் கைதட்டியது. வெயில் அடித்தால் விசிறி விற்கும் என்பது அங்கே ஒருவருக்கும் நினைவு வரவில்லை. பாவம் சூரியன், அதற்குப் பேச ஓர் ஆலோசகர் இல்லை.

"மழைக்காலத்துல கோடு படுத்துக்கிட்டிருக்கே?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது சந்தைச் சூழல்."

ஏறினால் ஐயா, இறங்கினால் சந்தை. நல்ல ஏற்பாடுதான்.

"இந்தச் சம்பளம் தராவிட்டால் ஐயா வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்" என்று ஆலோசகர் குரலைத் தாழ்த்தினார். பெயிண்டர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் ஃபைல் அக்கா எழுந்தாள். தங்கை இழுத்த முந்தானையை விடுவித்துக்கொண்டு நேரே மேடைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, நேத்து மூணு கோப்பு அனுப்பினேன். பாத்தீங்களா?"

ஐயா புன்னகைத்தார். "எழுத்து எழுத்தாகப் பார்த்தேனம்மா. பார்க்காமல் நான் பேனாவைத் தொடுவதில்லை."

"அது போதுங்க." முதல் கோப்பை விரித்தாள். "பேக்கிங்ல பன்னிரண்டு பேரை நிறுத்தலாம்னு பணியாளர் பிரிவு எழுதியிருக்கு. கீழ ஐயா கையெழுத்து: 'தொலைநோக்குள்ள யோசனை. உடனே செயல்படுத்துக.'"

கைதட்டல். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரெண்டாவது நான் எழுதினது. பேக்கிங்ல புதுசாப் பன்னிரண்டு பேரைச் சேர்க்கலாம்னு. கீழ ஐயா: 'தொலைநோக்குள்ள யோசனை. உடனே செயல்படுத்துக.'"

கைதட்ட எழும்பிய கைகள் பாதியில் நின்றன. ஆலோசகர் முந்திக்கொண்டார். "இரண்டு பக்கமும் பார்ப்பதுதானே தொலைநோக்கு?"

"சரிங்க. மூணாவதும் நான் எழுதினதுதான். நிர்வாக இயக்குநர் பதவியையே எடுத்துட்டா முந்நூறு பேர் சம்பளம் மிச்சமாகும்னு. இதுக்கும் ஐயா எழுதியிருக்காரு."

"என்னன்னு?" என்றார் பெயிண்டர்.

கோப்பை அவரிடமே நீட்டினாள். பெயிண்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். "தொலை... நோக்குள்ள யோசனை. உடனே... செயல்படுத்துக."

பின்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். அது வரிசை வரிசையாக மேடைவரை வந்து சேர்ந்தது. ஐயா மேசை மேல் இருந்த தாள்களைக் கூர்ந்து பார்த்தார். பதவிக்கு வந்த ஒன்பது வருடத்தில் அவர் நிஜமாகவே ஒரு தாளைப் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். ஆலோசகர் எதற்கும் இருக்கட்டும் என்று பெட்டியை மூடி வைத்துக்கொண்டார்.

கை தூக்கச் சொன்னார்கள். சம்பள உயர்வுக்கு மேடையில் இரண்டு கை எழுந்தது. இரண்டும் ஐயாவுடையவை. பன்னிரண்டு பேரை நிறுத்தும் கோப்பைப் பங்குதாரர்கள் அங்கேயே தள்ளுபடி செய்தார்கள். மூன்றாவது கோப்பை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. தங்கை ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வெளியே வரும்போது பெயிண்டர் கவலையோடு பக்கத்தில் வந்தார்.

"எல்லாம் சரிம்மா. இவரு போயிட்டா அடுத்த ஐயா எப்ப வருவாரு? கம்பெனியப் பாக்கறதுக்கு ஒருத்தர் வேணுமில்ல?"

"உங்க மூஞ்சியில ரெண்டு கண்ணு இருக்கே அண்ணே" என்றாள் ஃபைல் அக்கா. "இத்தனை வருஷத்துல அது ஒரு பைசா சம்பளம் கேட்டதில்ல. ஒரு நாளாவது அதைத் திறந்து பாருங்க."