வேஷம் கலைத்த முகம்

பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் லண்டனிலேயே விட்டுவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிடுவது என்று தீர்மானித்தேன். வீட்டில் ஓயாமல் அழும் குழந்தை. அழவே அழாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனைவி. இதில் இரண்டாவதுதான் தாங்கவில்லை.

மாட்டிக்கொள்ள மாட்டேன் என்ற தைரியம் இருந்தது. நாடகக் கொட்டகையில் எனக்குக் கிழட்டுக் கோமாளி வேஷம். மூக்கில் செஞ்சாயமும் தலையில் குதிரைமயிர் டோப்பாவும் இருந்தால் ஊரே சிரிக்கும். கழற்றிவிட்டுத் தெருவில் இறங்கினால் எஃப்ரைம் டாட்ஜ் என்கிற என்னை நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. அச்சுப் படங்கள் விற்கும் படக்கடைகளில் தொங்கும் என் படங்களும் வேஷத்தோடுதான்.

திட்டத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் மனைவி கெசையா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உங்களை ஒரு படம் வரையச் சொல்லலாங்க. சாயம், டோப்பா எதுவும் வேண்டாம். பாப்பாவுக்கு அப்பா மூஞ்சி தெரியணும்ல?"

போகிறவன்தானே, இதையாவது செய்வோம் என்று உட்கார்ந்தேன். ஓவியர் பென்சிலை எடுத்ததும் அவள் குழந்தையை என் மடியில் வைத்தாள். அது என் சட்டையை நனைத்தது. மனிதர் அதையும் விடாமல் வரைந்தார்.

பிறகு படம் எங்கே என்று கேட்டபோதெல்லாம் சட்டம் போடக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். நானும், தீர்மானித்த நாள்முதல் செய்துவந்தது போலவே, சந்தேகம் வராமலிருக்க அவளுக்கு கேக் வாங்கி வந்தேன். சமையலைப் புகழ்ந்தேன்.

ஒரு விடிகாலையில், துறைமுகத்துக்குப் போகும் குதிரை வண்டியைப் பிடிக்கச் சத்திரத்துக்குப் போனேன். வண்டிக்காரன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"டாட்ஜ் ஐயா, குழந்தையை எங்க விட்டீங்க?"

எதிர்ப் படக்கடையின் கண்ணாடிக்குப் பின்னால் என் சொந்த முகம். மடியில் குழந்தை. நனைந்த சட்டை. கீழே, 'வீட்டில் டாட்ஜ்'. நேற்றுத்தான் மாட்டினார்களாம். ஊரிலுள்ள எல்லாப் படக்கடையிலும் இதேதானாம். கெசையா படத்தை அச்சடிக்கக் கொடுத்திருக்கிறாள்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆத்திரத்தில் உண்மையைச் சொன்னேன்.

"பெண்டாட்டி பிள்ளையை விட்டுட்டு ஓடப்போறேன்யா. வழி விடுங்க."

அப்படியொரு கைதட்டல் மேடையில்கூட எனக்கு விழுந்ததில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்கள். அதற்குள் வண்டி போய்விட்டது. என்னைத் தோளில் தூக்கிவந்து வீட்டு வாசலில் இறக்கினார்கள்.

கெசையா கதவைத் திறந்தாள். தூங்காத கண்கள். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"ரெண்டு மாசமா எங்கிட்ட அன்பா இருந்தீங்க. பயந்துட்டேன்."

குழந்தையை என் கையில் திணித்தாள்.

"படத்துல இருக்கிற மாதிரியே பிடிங்க."

பிடித்தேன். சட்டை நனைந்தது.