ஒன்பதாம் பக்கத்தில் பூதம் விழுந்த விதம்

பாஜு நகரில் சிறுவர் நூல்களைக் காத்துவரும் பதிப்பாசிரியர் பாங் அம்மையார் அவர்களுக்கு,

சொக்சோவிலிருந்து ஓவியர் சோல் மி-ஹ்யாங் பணிவுடன் எழுதுவது. இங்கே பேரிக்காய் பழுத்துவிட்டது, கணவாய் மீன் காயும் கொடிகளில் நல்ல வெயில். அங்கே தங்கள் முதுகுவலி குறைந்து, அச்சகத்தாரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருப்பார்கள் என்று நம்புகிறேன். நான் நலம். என் படமும் நலம்.

ஒன்பதாம் பக்கப் படத்தைத் திருப்பி அனுப்பி, மல்யுத்தம் மாதிரியே இல்லை, பேருந்து நிலையத்தில் இரண்டு பேர் கட்டிப்பிடித்து வழியனுப்புகிற மாதிரி இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் சரியான படம் வராவிட்டால் வேறு ஓவியரைப் பார்த்துக்கொள்வேன் என்று எழுதியிருந்தீர்கள். கோபம் வந்தது, மறைப்பானேன். சந்தையில் அரிசிக்கள் குடித்துவிட்டு வரும் கிழவன், வழிமறித்த தொக்கேபிப் பூதத்தை மல்யுத்தத்தில் வீழ்த்தி மரத்தில் கட்டிவிட்டுப் போகிறான், விடிந்து பார்த்தால் மரத்தில் தொங்குவது பழைய விளக்குமாறு. இதுதானே கதை? பூதம் விழுகிற பக்கம்தான் புத்தகத்துக்கு உயிர். அதை இன்னொருத்தர் கையில் தூக்கிக்கொடுக்க நான் என்ன இளிச்சவாயா?

கண்ணால் பார்த்தால்தான் எனக்கு வரைய வரும். என் அப்பா இளவயதில் 'தானோ' என்னும் வேனில் திருவிழாவில் மல்யுத்தம் பிடித்துக் காளையைப் பரிசாக ஓட்டிவந்தவர், இப்போது மீன் மண்டி வைத்திருக்கிறார். அவரோடு பிடிக்க ஆள் வேண்டுமே. என் கணவருக்கு மூட்டுவலி. மிச்சமிருந்தவர் மாமனார், ஆண்டோங்கில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கழிப்பறையும் சம்பந்தி வீடும் தூரத்தில் இருப்பதுதான் நல்லது என்று நம் பெரியவர்கள் சொன்னது எனக்குத் தெரியாதா? கலைக்கு முன்னால் பழமொழி எம்மாத்திரம் என்று இருவரையும் ஒரே நாளில் வரவழைத்தேன். யார் பூதம், யார் கிழவன் என்பதை மட்டும் சொல்லவில்லை. எனக்கும் புத்தி உண்டு.

மாமனார் வரும்போதே கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாக, மீன் மண்டிக்காரருக்கு ஆண்டோங் உப்புக் கானாங்கெளுத்தி ஒரு பெட்டி கொண்டுவந்தார். யார் முதலில் உட்காருவது என்பதிலேயே காலைப் பொழுது போயிற்று. கடைசியில் கடற்கரை மணலில் மல்யுத்த முறைப்படி இடுப்பில் கச்சை கட்டி இருவரையும் மண்டியிட வைத்தேன்.

"சம்பந்தி, மன்னிக்கணும், உங்க கச்சையைப் பிடிச்சுக்கறேன்" என்றார் மாமனார்.

"தாராளமா பிடிங்க, கூச்சப்படாதீங்க."

"நீங்க முதல்ல தள்ளுங்க."

"அய்யய்யோ, மாப்பிள்ளையோட அப்பாவை நான் தள்ளறதா? நீங்க தள்ளுங்க, நான் விழறேன்" என்ற அப்பா, கை படுவதற்கு முன்பே மணலில் மெதுவாகப் படுத்துக்கொண்டார். சம்பந்தி படுத்திருக்கையில் தாம் நிற்பது மரியாதையில்லை என்று மாமனாரும் பக்கத்தில் படுத்துவிட்டார். படுத்த வாக்கிலேயே ஒருவரையொருவர் வணங்கிக்கொண்டார்கள். இதைப் பார்த்து நான் எந்தப் பூதத்தை வரைவது, சொல்லுங்கள்?

சாப்பாட்டில்தான் எனக்கு விமோசனம் வந்தது. கானாங்கெளுத்தியை ஒரு வாய் தின்ற அப்பா, "மீன் நல்லாத்தான் இருக்கு சம்பந்தி. கடல் இல்லாத ஊரு, பாவம், உப்பைக் கொட்டிடறாங்க" என்று சொல்லிவிட்டார். மாமனார் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"எங்க ஊரு மீனுக்கு நாடே வரிசையில நிக்குது. ஆமா, காளை ஜெயிச்சேன்னீங்களே, அது காளைதானா, இல்ல கன்னுக்குட்டியா?"

"எந்திரிங்க சம்பந்தி" என்றார் அப்பா.

பிறகு நடந்ததை என்னவென்று சொல்வேன்! மாமனார் காலை உள்ளே கொடுத்து ஒரு கொக்கி போட்டார், அப்பா அந்தரத்தில் போய் மணலில் தொப்பென்று விழுந்தார். விழும்போது அவர் முகத்தில் வலி இல்லை, கோபம் இல்லை. 'அட, இந்த வாத்தியாருக்கு இதெல்லாம்கூட வருமா!' என்ற சந்தோஷம்தான் இருந்தது. அந்த முகத்தைத்தான் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனாலும் கை நிற்கவில்லை. இன்று காலை வண்ணமும் தீட்டி முடித்து, இத்துடன் வைத்திருக்கிறேன். பூதத்துக்குத் தாடி சேர்த்துவிட்டதால் அப்பாவை யாருக்கும் அடையாளம் தெரியாது. இரு வீட்டாரும் சமாதானம். படத்தில் ஒரு கோட்டையும் மாற்றக் கூடாது.

தங்கள் முதுகும் பதிப்பகமும் நிமிர்ந்து நிற்க வாழ்த்தும்,
சோல் மி-ஹ்யாங்

பி.கு.: உறையில் படத்தைத் தேடாதீர்கள். ஒட்டும்போதுதான் பார்த்தேன், மாமனார் அதை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறிவிட்டார். போனில் கேட்டால், காளை வென்றவரை வீழ்த்தியதற்கு அவரிடம் வேறு சாட்சி இல்லையாம், சட்டம் போட்டு மாட்டப் போகிறாராம். மீன் லாரியில் துரத்திப் போன அப்பா, பேருந்து நிற்கும் சாலையோர ஓய்விடத்திலிருந்து இப்போதுதான் போன் செய்தார்: "பிடிச்சுட்டேம்மா. சம்பந்தியும் நானும் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கிட்டிருக்கோம். நேத்து மரியாதைக்குத்தான் விழுந்தேன்னு சொன்னா, மனுஷன் ஒத்துக்க மாட்டேங்கறாரு. படத்து மேல சூப்பு கொட்டிருச்சு, அது கெடக்கு. கச்சையை எடுத்துக்கிட்டு வா, இங்கயே முடிவு பண்ணிடலாம்." புறப்பட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமையைத் திங்கட்கிழமை ஆக்கிக்கொள்ளுங்கள். வேறு ஓவியரைக் கூப்பிட வேண்டாம். இந்த முறை யார் விழுகிறாரோ, அவர்தான் பூதம்.