மணிக்கணக்கு அண்ணாச்சி அளந்த துபாய் தூரம்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் விமான டிக்கெட் போட்டுக் கொடுத்த மணிக்கணக்கு அண்ணாச்சியைப் போல, தான் விற்கிற சரக்கைத் தானே நம்பாத மனிதர் பூமியில் பிறந்திருக்க மாட்டார். திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்கு நாலு மணி நேரம் என்றிருப்பதைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் 'பதினாறு' என்று எழுதித்தான் டிக்கெட்டைக் கையில் கொடுப்பார்.

"நாலு மணின்னு எவன் சொல்லுதான்? அவன் வேன்ல வந்திருக்கானா?" என்பார்.

அண்ணாச்சி விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனால் வேன் பிடித்து விமான நிலையம் வரை வழியனுப்பப் போகும் சொந்தபந்தத்தைப் பார்த்துப் பார்த்து நொந்தவர். பதினாறுக்கு மேலும் தலைக்குக் கால் மணி நேரம் கூட்டுவார். வேனில் எத்தனை பேர் என்று சொல்லாதவனுக்கு டிக்கெட் கிடையாது. மூன்று பேர்தான் என்று பொய் சொன்ன ஒருவனின் வீட்டுக்கே போய், வாசலில் கிடந்த செருப்புகளை எண்ணினார் என்பார்கள். நான் நம்புகிறேன்.

என் முறையும் வந்தது. விடுப்பு நீண்டுபோய், கிளம்புகிற அன்றைக்கே துபாயில் இறங்காவிட்டால் விசா காலாவதி, வேலையும் போச்சு என்ற நிலை. மாலை ஐந்து மணி விமானம். பதினோரு பேர் வருகிறார்கள் என்றதும் அண்ணாச்சி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏலே, ஏரோப்ளேன் பறக்கும். ஒங்க அத்தை பறப்பாவளா?"

அத்தையை விட்டுவிட்டுப் போக எந்த வீட்டில் முடியும்? காலை எட்டுக்குக் கிளம்பினோம். துபாயில் என் அறைத்தோழனான ரஹ்மானுக்கு ஒரு பார்சல் வாங்க, கடையநல்லூரில் அவன் வீட்டில் ஐந்தே நிமிடம் என்று நிறுத்தினோம். அவனுடைய உம்மா அப்போதுதான் முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். சுட்டு, ஆறவைத்து, டப்பாவில் அடைக்க வேண்டாமா? அதுவரை டீ, அப்புறம் என் கல்யாணப் பேச்சு. மணி பதினொன்றரை ஆகிவிட்டது.

வாசலில் பைக் வந்து நின்றது. அண்ணாச்சி. வேன் டிரைவருக்கு விடாமல் போன் போட்டு, நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டு வந்திருந்தார். என்னை இழுத்துப் பின்னால் உட்காரவைத்தார். பெட்டி வேனிலேயே கிடந்தது. சட்டைப் பையில் பாஸ்போர்ட், மடியில் சூடு ஆறாத முறுக்கு டப்பா. அம்மா அழ ஆரம்பிப்பதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டோம்.

புளியரை மலைப்பாதையில் மழை பிடித்துக்கொண்டது. கண்ணைத் திறக்க முடியவில்லை. போனால் போகிறது, திரும்பிவிடலாம் என்றேன்.

"பேசாம இருலே. பேசுனா அதுக்கும் நேரம் ஆவும்."

விமான நிலையத்தில் கவுண்டர் மூட ஐந்து நிமிடம் இருக்கும்போது உள்ளே ஓடினேன். நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை.

துபாயில் இறங்கிப் போனை ஆன் செய்ததும் அண்ணாச்சியின் அழைப்பு. "எறங்கிட்டியாலே?" என்றார். இறங்கிவிட்டேன் என்றதும் வைத்துவிட்டார். அம்மா பிறகு சொல்லித்தான் தெரியும். நனைந்த சட்டையோடு விமான நிலைய வாசலில் உட்கார்ந்தவர், என் குரலைக் கேட்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்றுவிட்டாராம். பின்னால் வந்து சேர்ந்த பதினோரு பேரும், அத்தை உட்பட, அவரோடு காத்திருந்திருக்கிறார்கள்.

இப்போது எந்த ஊரில் இறங்கினாலும் என் முதல் போன் அண்ணாச்சிக்குத்தான். பெற்ற தாய்க்கு இரண்டாவது.